தண்ணீர் இருக்கிற மாதம்

சிசிலிக்குப் போவதென்று தீர்மானித்துவிட்டால் எந்த ஊர், எந்தக் கடற்கரை, எந்த விடுதி என்று பட்டியல் போடத்தான் முதலில் கை போகும். அதற்கெல்லாம் முன்னால் எந்த மாதம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது இப்போது எனக்கு உறுதியாகிவிட்டது. மத்தியதரைக் கடலிலேயே பெரிய தீவு அது. பரப்பு ஏறக்குறைய 25,700 சதுர கிலோமீட்டர்; இலங்கையில் ஐந்தில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே மழை நம் ஐப்பசியை ஒட்டித் தொடங்கிப் பங்குனி வரைக்கும் விட்டுவிட்டுப் பெய்யும். சித்திரை தாண்டினால் அடங்கிவிடும். ஜூன், ஜூலை மாதங்களில் பல ஊர்களில் ஒரு தூறலுக்கும் வழியில்லை. உலகம் சிசிலிக்கு விடுமுறை கழிக்கப் போவது சரியாக அந்த மாதங்களில்தான். ஆகஸ்ட் 15 அன்று இத்தாலி முழுக்கக் கடற்கரையில் கிடக்கும். வடக்கே மிலானில் வேலை பார்க்கும் சிசிலிக்காரர்களும் அந்த வாரத்துக்குத்தான் ஊர் திரும்புகிறார்கள்.

சுற்றுலாத் துண்டறிக்கைகளில் வருகிற நீலக் கடலும் மேகமில்லாத வானமும் பொய்யில்லை. ஆனால் மேகமில்லாத வானத்தை மானாவாரிக்காரர் பார்க்கிற கண்ணோடு ஒருமுறை பார்த்துவிட்டால் அந்தப் படங்கள் வேறு மாதிரித் தெரியத் தொடங்கும். 2021 ஆகஸ்ட் 11 அன்று சிரக்கூசாவுக்குப் பக்கத்தில் 48.8 டிகிரி செல்சியஸ் பதிவானது. ஐரோப்பாவில் இதுவரை பதிவானதிலேயே அதிக வெப்பம் அதுதான் என்று உலக வானிலை அமைப்பு பின்னால் உறுதிப்படுத்தியது. 2024 மே மாதம் வறட்சிக்காக இத்தாலிய அரசு சிசிலியில் அவசரநிலை அறிவித்தது. அந்தக் கோடையில் அக்ரிஜெந்தோ மாவட்டத்தின் சில பகுதிகளில் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வந்தது. குளிக்கத் தண்ணீர் தர முடியாது என்று சிறு விடுதிக்காரர்கள் வந்த விருந்தினர்களைத் திருப்பி அனுப்பினார்கள். லிக்காத்தா என்ற துறைமுக ஊருக்குக் கடற்படைக் கப்பலொன்று 12 லட்சம் லிட்டர் குடிநீரைச் சுமந்து வந்தது. சுற்றிலும் கடல் இருக்கிற ஊருக்குக் கப்பலில் தண்ணீர் வந்த காட்சியைச் செய்தியில் பார்த்த அன்றிலிருந்துதான் இந்தப் பயணத்தை நான் வேறு விதமாக யோசிக்க ஆரம்பித்தேன்.

போகாமலே இருந்துவிடலாமே என்று கேட்கலாம். அது சரியென்று எனக்குப் படவில்லை. அந்தத் தீவில் ஏராளமான குடும்பங்கள் வருகிறவர்களை நம்பித்தான் அடுப்பு மூட்டுகின்றன. வறட்சிக்கு மழையின்மை மட்டும் காரணமும் அல்ல. பழைய குழாய்கள் ஒழுகி, விடுகிற தண்ணீரில் ஏறக்குறைய பாதி வீடு வந்து சேர்வதற்குள் மண்ணுக்குப் போய்விடுகிறது. பத்து நாள் காத்திருந்து ஒரு குடும்பம் தொட்டியில் பிடித்துவைத்த தண்ணீரில் ஒரு நாளைக்கு இரண்டு முறை குளித்துவிட்டு வருவதற்கு நான் யார் என்பதுதான் கேள்வி. அதே தீவு மார்ச் மாதத்தில் பச்சையாக இருக்கிறது. நிரம்புகிற தொட்டிகள் நிரம்பியிருக்கும். கோயில் தூண்களுக்கடியில் காட்டுப் பெருஞ்சீரகம் முளைத்திருக்கும். நாள் குறிப்பதில் நல்லது கெட்டது உண்டு என்று நம் பாட்டிமார்கள் சொன்னதை நான் இப்போது முழுமனதாக ஏற்கிறேன், காரணம் வேறாக இருந்தாலும்.

மாதம் முடிவானதும் வழி. இதில் எனக்குக் கை கொடுத்தவர் ஜெர்மன் கவிஞர் கதே. 1787 ஏப்ரல் 2 அன்று நேப்பிள்ஸிலிருந்து கப்பலில் பலெர்மோவுக்கு வந்து இறங்கினார். கடல் ஒத்துக்கொள்ளாமல் வழியெல்லாம் படுத்தே கிடந்தார். கூட க்னீப் என்ற ஓவியர். புகைப்படம் இல்லாத காலம். பார்ப்பதையெல்லாம் வரைந்து தர ஒரு ஆள். இருவரும் பலெர்மோவைப் பார்த்துவிட்டு, செகெஸ்தா வழியாகத் தெற்கே இறங்கி, அந்நாளில் ஜிர்ஜெந்தி எனப்பட்ட அக்ரிஜெந்தோவுக்கு வந்து சேர்ந்தார்கள். அடுத்து எல்லோரும் போவது போலக் கடலோரமாகச் சிரக்கூசாவுக்குப் போயிருக்க வேண்டும். ஆர்க்கிமிடீஸின் ஊர். ஏதென்ஸின் பெரும்படை வந்து அழிந்த ஊர். கிரேக்கத்தையே மூச்சாகக் கொண்டிருந்த கதேவுக்கு அதைவிடப் பெரிய இடம் என்ன இருக்க முடியும்?

அவர் சிரக்கூசாவை விட்டுவிட்டார். ரோமாபுரிக்குக் களஞ்சியமாக இருந்த தீவு என்று படித்திருக்கிறோமே, வழியில் பார்த்த இடங்களில் கோதுமை அப்படி ஒன்றும் தெரியவில்லையே என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. கோதுமை உள்நாட்டில் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். கோவேறு கழுதைகளைத் தீவின் நடுப்பக்கம் திருப்பிக் கால்தனிசேத்தா, காஸ்த்ரோஜொவான்னி என்று மேடும் பள்ளமுமாக ஏறி இறங்கினார். கேட்டது கிடைத்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் மரமே இல்லாத பச்சைப் பயிர். சத்திரம் மட்டும் கிடைக்கவில்லை. கால்தனிசேத்தாவில் கையில் கோழி இருக்கிறது, சமைக்க இடமில்லை. ஊர்ப் பெரியவர் ஒருவர் கொஞ்சம் காசு வாங்கிக்கொண்டு அடுப்பும் விறகும் பாத்திரமும் கொடுத்த பிறகுதான் சாப்பாடு. இன்று என்னா என்று பெயர் மாறியிருக்கிற காஸ்த்ரோஜொவான்னியில் ஒரே மழை. ஜன்னலுக்குப் பலகை உண்டு, கண்ணாடி இல்லை. புராணத்தில் வருகிற பெயரை நம்பி இனி ஒருபோதும் வழி மாறுவதில்லை என்று அங்கே சபதம் எடுத்துக்கொண்டார்.

பயணத் திட்டம் என்ற பெயரில் எழுதப்பட்ட எதைக் காட்டிலும் இந்தப் பகுதியை நான் அதிகம் நேசிக்கிறேன். ஒரு கேள்வி இருந்தது. அதற்காக மிகப் பெரிய ஒன்றைக் கைவிட்டார். கைவிட்டதற்கு விலையும் கொடுத்தார். இன்றைக்கு வாரக் கணக்கில் விற்கப்படும் சிசிலிப் பயணங்கள் பெரும்பாலும் தீவை விளிம்போடு ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்து விட்டுவிடுகின்றன. பலெர்மோ, அக்ரிஜெந்தோ, சிரக்கூசா, தாவோர்மீனா, எட்னா என்று ஒரு நாளைக்கு ஒரு பெயர். ஒவ்வொன்றும் பார்க்க வேண்டிய இடம்தான். பேருந்தில் கழியும் மணிகளைக் கழித்துவிட்டால் கையில் மிஞ்சுவது என்ன என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

என் கேள்வி தண்ணீர். நான் பிறந்த ராமநாதபுரம் பக்கத்தில் கண்மாய் மடையைத் திறக்க முறை வைத்து, முறை தவறினால் வெட்டுக்குத்து வரை போனதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு வேறு கேள்வி எங்கிருந்து வரும்? தண்ணீர் என்ற ஒரே சரட்டைப் பிடித்துக்கொண்டு போனால் தீவில் எங்கெல்லாம் போகலாம் என்று படிக்கத் தொடங்கினேன். வழி தானாக அமைந்தது.

பலெர்மோவின் தெருக்களுக்கு அடியில் கானாத் எனும் சுரங்கக் கால்வாய்கள் ஓடுகின்றன. பாரசீகத்திலிருந்து அரபுகளின் வழியாக வந்த நுட்பம். மலையடிவாரத்து நீரூற்றிலிருந்து ஊர் வரைக்கும் மிக மெல்லிய சரிவில் பாறையைக் குடைந்துகொண்டே வருவார்கள். இடையிடையே மேலிருந்து கிணறு போல ஒரு துளை. காற்றுக்கும் மண் அள்ளுவதற்கும். சரிவு கூடினால் தண்ணீர் சுவரை அரிக்கும், குறைந்தால் நின்றுவிடும். அந்த அளவை விளக்கு வெளிச்சத்தில் கண்ணாலும் கையாலும் பிடித்தார்கள். இப்போது சில கானாத்துகளில் தலைக்கவசமும் முழங்கால் பூட்சும் போட்டு வருகிறவர்களை இறக்கிக் காட்டுகிறார்கள். அதற்கும் மழை அதிகமில்லாத நாள் பார்க்க வேண்டும்.

அந்த நகரத்திலேயே ஸீசா என்றொரு அரண்மனை. 12ஆம் நூற்றாண்டில் நார்மன் அரசர்கள் கோடைக்கென்று கட்டியது. அரபுகள் சிசிலியில் 827இல் இறங்கினார்கள். நார்மன்கள் 1072இல் பலெர்மோவைப் பிடித்தார்கள். பிடித்தவர்கள் தோற்றவர்களின் கைவினையையும் தோட்டத்தையும் விரட்டிவிடவில்லை. அவர்களைக் கொண்டே கட்டிக்கொண்டார்கள். ஸீசாவின் நடுக்கூடத்தில் சுவரோரம் சாய்த்துவைத்த ஒரு சலவைக்கல் இருக்கிறது. அதன் முகமெல்லாம் வளைந்து வளைந்து செல்லும் செதுக்குகள். மேலேயிருந்து விழுகிற தண்ணீர் கல்லின் மேல் ஒரே பாய்ச்சலாக ஓடிவிடாமல், ஒவ்வொரு செதுக்கிலும் இடறி, மெல்லிய தகடாகப் பரவி இறங்க வேண்டும் என்பதற்காக அப்படி. கீழே தரையில் ஒடுக்கமான வாய்க்கால். நடுவில் இரண்டு சதுரக் குழிகள். பிறகு வாசலைத் தாண்டி வெளியே பெரிய மீன்குளம். கடற்காற்று குளத்தின் மேல் வந்து, வாசல் வளைவில் நுழைந்து, ஈரக்கல்லைத் தொட்டு, மேல்மாடிகளுக்கு ஏறும். ஒரு கல்லைக் கொஞ்சம் சொரசொரப்பாக்கினால் ஒரு கூடம் குளிரும் என்று கண்டவர்களின் பெயர் எங்கும் இல்லை. ஒரு முழுக் காலை அந்தக் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கலாம் என்று திட்டத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

நகரத்தைச் சுற்றியிருந்த சமவெளியைப் பொற்கிண்ணம் என்ற பொருளில் கோன்கா தோரோ என்பார்கள். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோப்புகள். ஜெப்பியா என்று அங்கே சொல்கிற பாசனத் தொட்டிகளிலிருந்து சிறு வாய்க்கால்களில் தண்ணீர். எலுமிச்சைக்காரர்களிடம் ஒரு வித்தை உண்டு. கோடையின் உச்சத்தில் மரத்துக்குத் தண்ணீரை நிறுத்தி இலை சுருளும்வரை வாடவிடுவார்கள். பிறகு ஒரேயடியாகப் பாய்ச்சுவார்கள். செத்துப் பிழைத்த மரம் பருவம் தவறிப் பூத்து, அடுத்த கோடையில், வேறெங்கும் எலுமிச்சை இல்லாத நேரத்தில், பச்சைக் காயாக நல்ல விலைக்குப் போகும். தண்ணீர் யார் கையிலோ விலையும் அவர் கையில். 19ஆம் நூற்றாண்டில் அந்தத் தோப்புகளின் காவலையும் தண்ணீர் முறையையும் பிடித்துக்கொண்டவர்களிடமிருந்துதான் மாஃபியாவின் வரலாற்றைப் பல ஆய்வாளர்கள் தொடங்குகிறார்கள். சினிமா நமக்குக் காட்டிய துப்பாக்கிகளுக்குப் பின்னால் ஒரு மடைத்திறப்பு இருக்கிறது. அந்தத் தோப்புகளில் பெரும்பகுதி 1950களிலும் 60களிலும் அடுக்குமாடிகளுக்காக வெட்டப்பட்டுவிட்டது. அனுமதி கொடுத்த நகராட்சிக்கும் கட்டியவர்களுக்கும் நடுவில் இருந்தது அதே மாஃபியா.

விடுதி தேடும்போது இதையும் மனதில் வைக்க முடிகிறது. மாஃபியாவுக்கு மாமூல் கட்டுவதில்லை என்று வெளிப்படையாக அறிவித்த கடைகளையும் உணவகங்களையும் தங்குமிடங்களையும் அடியோபிட்சோ என்ற இயக்கம் ஒன்று சேர்த்து வருகிறது. 2004இல் இளைஞர்கள் சிலர் ஓர் இரவில் பலெர்மோ சுவர்களில் துண்டுத்தாள் ஒட்டித் தொடங்கியது. அந்த வாசல்களில் அதன் ஒட்டுத்தாள் இருக்கும். இரவுக்குப் பத்து யூரோ கூடுதலானாலும் அங்கேதான்.

பலெர்மோவில் எனக்கு ஓர் அக்கா இருக்கிறார். சொந்தமில்லை, நண்பருடைய பெரியம்மா மகள், யாழ்ப்பாணம். 1980களின் கடைசியில் வந்து சேர்ந்தவர். இத்தாலியில் ஈழத்தமிழர்கள் அதிகமாக வாழ்கிற ஊர் பலெர்மோதான். பெரும்பாலோர் வீட்டு வேலையிலும் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலையிலும் இருப்பவர்கள். அவர்கள் பிள்ளைகள் சிசிலிக்காரர்களைப் போலவே கைகளை ஆட்டி இத்தாலியன் பேசிவிட்டு, வீட்டுக்குள் வந்ததும் தமிழுக்கு மாறுகிறார்கள். வரும் செய்தியைச் சொன்னதும் அக்கா கேட்ட முதல் கேள்வி, எப்போது என்பது.

"ஆகஸ்டில மட்டும் வந்திடாதீங்கோ தம்பி. எல்லாம் காஞ்சு போய்க் கிடக்கும். தண்ணி முறை வைச்சுத்தான் விடுவாங்கள். மாசி பங்குனியில வாங்கோ, பாதாம் பூத்து, புல்லெல்லாம் பச்சையா, ஊர் ஊரா இருக்கும்."

மூன்று மாதம் படித்து நான் வந்து சேர்ந்த முடிவு அக்காவுக்கு வாழ்ந்து தெரிந்தது. கேட்டுக்கொண்டேன். ரொசாலியா மலைக்குக் கட்டாயம் கூட்டிப் போவதாகவும் சொன்னார். நகரத்துக்கு மேலே நிற்கும் மோந்தே பெல்லெக்ரீனோ மலையில் ஒரு குகை. 1624இல் பலெர்மோவைக் கொள்ளைநோய் தாக்கியபோது புனித ரொசாலியாவின் எலும்புகள் அங்கே கிடைத்து, ஊர்வலமாக எடுத்துவரப்பட்டு நோய் நின்றது என்பது அந்த நகரத்தின் நம்பிக்கை. பலெர்மோத் தமிழர்களில் பெரும்பாலோர் சைவர்கள். அவர்கள் அந்த மலைக்கு ஏறுகிறார்கள். நேர்த்தி வைக்கிறார்கள். தமிழர் கூட்டமில்லாத ஞாயிற்றுக்கிழமை அங்கே இல்லை என்று அக்கா சொல்கிறார். "அவ எங்கட அம்மா மாதிரித்தான்" என்றார். மேலே விளக்கம் எதுவும் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்தக் குகைக்குள் கூரையிலிருந்து ஓயாமல் நீர் கசிகிறது. வழிபடுகிறவர்கள் மேல் சொட்டாமலிருக்க, பாறையோடு பாறையாக உலோகத் தகட்டு வாய்க்கால்களை வளைத்துப் பொருத்தியிருக்கிறார்கள். அவை கொடிபோல ஒன்றோடொன்று பின்னி நீரை ஒரு தொட்டியில் கொண்டு சேர்க்கின்றன. மக்கள் அதைப் புனித நீராக எடுத்துப் போகிறார்கள். கதேயும் 1787இல் இந்தக் குகைக்குப் போய், அந்தத் தகடுகளையும் பொன்னாடை போர்த்திப் படுத்திருக்கும் ரொசாலியாவையும் பற்றி எழுதியிருக்கிறார். பெரிய கோயில்களைப் பற்றி எழுதியதைவிட மனம் இளகி எழுதிய பக்கங்கள் அவை. சுண்ணாம்புப் பாறைக்குள் போன மழை எத்தனையோ காலம் கழித்து அந்தத் தகடுகளில் இறங்குகிறது. மாசியில் போனால் சொட்டு அதிகமிருக்கும்.

பலெர்மோவுக்கு மேற்கே பார்த்தினிக்கோ என்ற ஊர். எந்தச் சுற்றுலா வழியிலும் இல்லை. எங்கள் வழியில் இருக்கிறது. காரணம் டனீலோ டோல்ச்சி. வடக்கிலிருந்து 1952இல் பக்கத்துக் கடலோரக் கிராமமான த்ராப்பேத்தோவுக்கு வந்து தங்கியவர். பசியில் செத்துப்போன ஒரு குழந்தையின் கட்டிலில் படுத்து உண்ணாநோன்பு தொடங்கினார். 1956 பிப்ரவரியில், வேலையில்லாத மக்களைத் திரட்டி, அரசு கைவிட்ட ஒரு சாலையைக் கூலியின்றிச் செப்பனிட வைத்தார். வேலை மறுப்பதை வேலைநிறுத்தம் என்றால், இது வேலை செய்து நடத்திய போராட்டம். அதற்காகக் கைது செய்யப்பட்டார். சிசிலியின் காந்தி என்று அவரைச் சொல்வதுண்டு. குளிர்காலத்தில் யாத்தோ ஆற்றில் வெள்ளமாகக் கடலுக்கு ஓடும் தண்ணீரை ஏன் தேக்கக்கூடாது என்று ஒரு கூட்டத்தில் விவசாயி ஒருவர் கேட்டதிலிருந்து ஓர் அணைக்கான போராட்டம் பிறந்தது. தண்ணீரை வைத்துப் பிழைத்தவர்களுக்கு அணை பிடிக்குமா? ஆண்டுக் கணக்கில் உண்ணாநோன்பு, ஊர்வலம், கடிதம். கடைசியில் அணை வந்தது. அதன் தண்ணீரைப் பங்கிட விவசாயிகளே கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். ஒரு தோப்புக்கு எந்த நாள், எத்தனை மணி நேரம் என்பதை மாஃபியாவின் ஆள் சொல்லாமல் ஒரு சங்கத்தின் பேரேடு சொன்னது. அந்த ஏரியின் கரையில் போய் நிற்பதற்கு ஓர் அரைநாள். பார்க்க அங்கே ஒன்றும் இல்லை என்பார்கள். ஏரி இருக்கிறதே.

பிறகு அக்ரிஜெந்தோ. ரயிலில் பலெர்மோவிலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம். தேன்நிறக் கல்லில் நிற்கும் கிரேக்கக் கோயில்களுக்காக உலகமே அங்கு வருகிறது. கி.பி. 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் தேவாலயமாக மாற்றப்பட்டதால் கொன்கோர்தியா கோயில் இடியாமல் தப்பித்தது. அதையும் பார்ப்போம். நான் அதிக நேரம் வைத்திருப்பது அந்தக் கோயில்களுக்கு நடுவே ஒரு பள்ளத்தில் கிடக்கும் கொலிம்பெத்ரா தோட்டத்துக்கு. கி.மு. 480இல் கார்த்தேஜியரை வென்ற பிறகு, பிடிபட்ட கைதிகளைக் கொண்டு நகரம் முழுக்கப் பாறைக்கடியில் சுரங்கக் கால்வாய்கள் வெட்டி, நீரையெல்லாம் இந்தப் பள்ளத்தில் ஒரு பெரும் குளமாகத் தேக்கினார்கள். மேற்பார்த்தவர் பெயர் ஃபையாக்ஸ். மீனும் அன்னங்களும் இருந்ததாகச் சிசிலிக்காரரான வரலாற்றாசிரியர் தியோதோரஸ் எழுதுகிறார். அவர் காலத்திலேயே குளம் தூர்ந்துவிட்டது. தூர்ந்த குளத்தின் வண்டல் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். அங்கே தோட்டம் வந்தது. நூற்றாண்டுகளாக ஆரஞ்சும் எலுமிச்சையும் பாதாமும் விளைந்து, 20ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாழாகி, 1999இல் இத்தாலியச் சுற்றுச்சூழல் அறக்கட்டளையான ஃபாய் எடுத்து மீட்டது. மரத்தைச் சுற்றி மண் பாத்தி. பாத்திக்குப் பாத்தி வாய்க்கால். மண்வெட்டியால் ஒரு பக்கத்தை அடைத்து மறுபக்கத்தை வெட்டிவிடுகிறார்கள். இருபத்தைந்து நூற்றாண்டுக்கு முன் கைதிகள் வெட்டிய சுரங்கங்களிலிருந்து இன்றும் அந்தத் தண்ணீர் வருகிறது.

மேலே மலையில் இன்றைய அக்ரிஜெந்தோ நகரம். மொட்டைமாடிகளிலெல்லாம் தண்ணீர்த் தொட்டிகள். பள்ளத்தில் பழைய கால்வாய் ஓட, மேட்டில் குழாய் வறண்டு கிடந்தது 2024இல். இரண்டுக்கும் இடையில் நடந்தே இறங்கிவிடும் தூரம். 2025இல் இத்தாலியின் பண்பாட்டுத் தலைநகரம் என்ற பட்டமும் அதே ஊருக்குத்தான். கோயில்களைப் பார்த்துவிட்டு அடுத்த பேருந்தில் ஏறுகிறவர்கள் மேலே உள்ள ஊரில் ஓர் இரவாவது தங்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். தங்கினால்தான் தொட்டி நிரம்பும் சத்தம் ஒரு வீட்டுக்கு என்ன பொருள் என்று தெரியும்.

அங்கிருந்து கதே போன வழியிலேயே உள்நாடு. இப்போது அதற்குப் பேருந்து இருக்கிறது, சத்திரமும் இருக்கிறது. என்னாவுக்குப் பக்கத்தில் பெர்கூசா ஏரி. பூப்பறித்துக்கொண்டிருந்த பெர்செஃபனியைப் பாதாளத்தின் அரசன் பூமியைப் பிளந்து தூக்கிப் போனது இந்தக் கரையிலிருந்துதான் என்பது கதை. தாய் தெமேத்தர், மகள் இல்லாத மாதங்களில் பயிரை முளைக்கவிடாமல் நிறுத்திவைத்தாள். அந்த ஏரியைச் சுற்றி 20ஆம் நூற்றாண்டில் கார்ப்பந்தயத் தடம் ஒன்றைப் போட்டார்கள். 2024 கோடையில் ஏரி வற்றி நடுவில் ஒரு குட்டை மட்டும் மிஞ்சியது. புராணப் பெயரை நம்பாதே என்று கதே எச்சரித்தும் நான் போகிறேன். கோதுமை பச்சையாக இருக்கும் பருவத்தில், ஏரி எவ்வளவு மீண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இவ்வளவும் சேர்ந்த பிறகு தாவோர்மீனா போய்விட்டது. எட்னா போய்விட்டது. ஸ்த்ரோம்போலி, லிப்பாரித் தீவுகள் போய்விட்டன. எட்னாவை விடுவது எனக்கு வலிக்கிறது; 3,300 மீட்டருக்கு மேல் பனியும் நெருப்பும் ஒன்றாக இருக்கும் மலையை யார்தான் விரும்பி விடுவார்கள்? சிரக்கூசாவையும் விடவேண்டியிருக்குமோ என்று வீட்டில் இன்னும் பேச்சு நடக்கிறது. கடலைத் தொட்டாற்போல அங்கே ஒரு நன்னீர் ஊற்று, அதில் பப்பைரஸ் கோரை வளர்ந்து நிற்கிறது. என் சரட்டுக்கு அதுவும் பொருந்தும் என்கிறார் மனைவி. நியாயம்தான். கடைசி இரண்டு இரவுகள் இன்னும் எழுதப்படவில்லை.

ஆனால் விசாவுக்கு எழுதியாக வேண்டும். ஷெங்கன் விசா கேட்கிற இந்தியர் எந்த நாள் வருகிறோம், எந்த நாள் திரும்புகிறோம், ஒவ்வோர் இரவும் எங்கே தூங்கப்போகிறோம் என்று முன்கூட்டியே காகிதத்தில் காட்ட வேண்டும். 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு விவரம், திரும்பி வருவோம் என்பதற்கு நம்பும்படியான காரணம். இதற்கு நேர்மாறாக, தெற்கு ஸ்பெயினிலிருந்து மக்காவுக்குப் போய்த் திரும்பிய இப்னு ஜுபைர் 1184 டிசம்பரில் மெஸ்ஸினா நீரிணையில் கப்பல் உடைந்து இந்தத் தீவில் கரையேறினார். கரையேற்றிய படகுக்காரர்கள் கேட்ட கூலியைக் கொடுக்க முடியாத ஏழை முஸ்லிம்களுக்காக நார்மன் அரசன் இரண்டாம் வில்லியம் பணம் கட்டினான். பலெர்மோவைப் பார்த்துவிட்டுத் தீவின் மேற்கு முனையான த்ராப்பனிக்கு வந்து, காற்றுத் திரும்பட்டும் என்று மார்ச் மாதம்வரை காத்துக் கிடந்தார். சிசிலியைப் பற்றி நமக்குக் கிடைத்த மிகக் கூர்மையான சாட்சியங்களில் ஒன்று, திட்டமில்லாமல் வந்து, போக முடியாமல் மாட்டிக்கொண்ட ஒருவருடையது.

அதே கடலில் 2013 அக்டோபர் 3 அன்று, லாம்பதூசாத் தீவின் கரைக்குக் கூப்பிடு தூரத்தில், படகு தீப்பற்றிக் கவிழ்ந்து 368 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் எரித்ரியர்கள். உலகின் அழகான கடற்கரைகளில் ஒன்று என்று பயண இதழ்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் முயல்தீவுக் கரைக்கு எதிரே நடந்தது அது. லாம்பதூசா நிர்வாகத்தில் அக்ரிஜெந்தோ மாவட்டத்தைச் சேர்ந்தது. நாங்கள் தங்கப்போகிற மாவட்டம். என் விசா விண்ணப்பத்தில் நான் நிரப்புகிற கட்டங்களை நிரப்ப வழியில்லாதவர்கள் அவர்கள். இதை எண்ணிப் பயணத்தைக் கைவிடப்போவதில்லை. எண்ணாமல் அந்தக் கடலில் கால் நனைக்கவும் என்னால் முடியாது.

பலெர்மோ இரவுகளுக்கு விடுதி போட வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டார். அழைப்புக் கடிதம் அவரே எழுதித் தருகிறார். வந்து இறங்கிய நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள், இன்னார் என் வீட்டில் தங்கியிருக்கிறார் என்று போலீசிலும் அவர் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அது அங்கே சட்டம். 1989இல் கையில் ஒரு காகிதமும் இல்லாமல் அந்த ஊருக்கு வந்தவர் அவர். மறு ஆண்டு மார்தெல்லிச் சட்டத்தில் ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களுக்கு அனுமதி கொடுத்தபோது வரிசையில் நின்று தன் முதல் அட்டையை வாங்கியிருக்கிறார். "கடவுச்சீட்டின்ர முதல் பக்கத்தை வடிவாத் தெரியிற மாதிரிப் படம் எடுத்து அனுப்புங்கோ தம்பி. பேர் பிழைச்சால் கஷ்டம். தங்கச்சியின்ர பேரையும் எழுத்துக் கூட்டி அனுப்புங்கோ" என்று நேற்று ஒரு குரல்செய்தி வந்திருந்தது. இரண்டையும் அனுப்பிவிட்டோம்.